நிறைந்தபடி திரும்பிய டப்பா

கோவாங்குக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சதுப்பில் நடந்து நடந்து பாதம் ஊறி வெளுத்து, விரலிடுக்கில் தோல் கிழிந்து தொங்கியது. வலி இடுப்பில் தொடங்கி முதுகு வழியாக ஏறிப் பிடரியில் வந்து நின்றது. பிடரியில் மகள் உட்கார்ந்திருந்தாள். மால் என்று கூப்பிடுவார்கள், நான்கு வயது. அவன் தலைமேல் முகத்தைக் கவிழ்த்துத் தூங்கிப்போயிருந்தாள். அவள் எச்சில் வடிந்து அவன் காதோரம் காய்ந்திருந்தது.

முகாம் தெரிந்தது. மண்ணைக் குவித்து எழுப்பிய மதில், மேலே முள்கம்பி, மூலைக்கு மூலை காவல் கூண்டு, கூண்டுகளில் வெளிநாட்டு அமைதிப்படையின் நீலத்தொப்பிகள். மதிலைச் சுற்றி ஆழப் பள்ளம். பள்ளத்தின் குறுக்கே ஒரு மண்பாலம். பாலம் முடியும் இடத்தில் லாரி நுழையும் அகலத்துக்கு இரும்புக் கதவு. அந்தப் பெரிய கதவுக்குள்ளேயே, ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும் சின்னக் கதவு.

கதவின் கீழ்ப்பாதியில் புதிதாக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மண்டியிட்டவன் கை எட்டும் உயரத்தில் பெயிண்டை மீறித் துரு எழும்பியிருந்தது. உள்ளங்கை உள்ளங்கையாக.

கோவாங் அதைப் பார்த்தான். இருந்த களைப்பில் அது என்னவென்று யோசிக்கவில்லை.

மனைவி நியாகோவா அவனோடு வரவில்லை. ஊர் எரிந்த அன்று அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். அவளுடைய அண்ணன் ருவாச், சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை.

"நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு நீலத்தொப்பிக்காரன் முகாமுக்குப் போ. நான் அண்ணனைத் தேடிக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

"வெளிய சுத்துறது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். உன்ன மாதிரியே நானும் ஓடிட்டா அவனை யாரு தேடுவா?"

பக்கத்துக் குடிசைத் தாபிதாவும் அவளோடு போனாள். புல்லுக்குள் இரண்டு முதுகுகள் மறைவதைக் கோவாங் பார்த்துக்கொண்டு நின்றான்.

முகாமுக்குள் நுழைந்ததும் தண்ணீர்த் தொட்டி. வெள்ளைத் துணியில் செய்த பெரிய தொட்டி, வயிறு உப்பி நின்றது. குழாயடியில் இரண்டு பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் குடத்தை இந்தப் பக்கம் தள்ளாதடி! உங்க ஆளு எங்க வீட்டு ரத்தத்தைச் சிந்தியிருக்கான்."

"தெரியும், தெரியும். உன் குடத்துல வாய வைக்க எனக்கு என்ன ஆயுசா முடிஞ்சுபோச்சு?"

கொன்றவன் வீட்டுப் பாத்திரத்தில் செத்தவன் வீட்டார் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் சாவு. மாடுகளை ஓட்டிவந்து கொடுத்து, மண்ணுக்குரியவர் என்னும் பூசாரி நடுவில் நின்று தீர்த்துவைக்கிறவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர் கிடையாது. நீலத்தொப்பிக்காரர்களுக்கு இது ஏறவில்லை. குழாயில் பொதுக்குவளை ஒன்றைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவரும் தொட்டதில்லை. அதற்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

கதவு திறக்கிற வேலைக்கு ஆள் தேவை என்றார்கள். கதவு கனம், சக்கரம் துருப்பிடித்தது, வெயிலில் இரும்பு கையைச் சுடும். வெளிநாட்டுச் சிப்பாய்கள் அதைத் தொடுவதில்லை. வடக்கே செங்கல் சூளையில் பத்து வருஷம் வெந்த உடம்பு கோவாங்குடையது. அவன் கை தூக்கினான். சுற்றி நின்ற கூலிகள் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மண்ணுக்குரியவர் பியேல் அவனைக் கூப்பிட்டனுப்பினார். கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் கிடக்கவேண்டிய சிறுத்தைத்தோல் ஓடிவந்த வழியில் போய்விட்டது. அந்த இடத்தில் நீலத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டிருந்தார்.

"சிரிக்காத. சிறுத்தை எனக்காகத் திரும்பி வந்து தோலை உரிச்சுக் குடுக்காது" என்றார். "புவோக் எப்படிச் செத்தான்னு சொன்னாங்களா?"

"யாரு புவோக்?"

"உனக்கு முன்னாடி அந்தக் கதவைப் பிடிச்சவன். போன வருஷம் ராணுவம் சந்தையைக் கொளுத்துச்சு. சனம் பூரா இந்தக் கதவுக்குத்தான் ஓடி வந்துச்சு. திறக்காதன்னு உத்தரவு. புவோக் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கதவிடுக்குல தொட்டி தெரியும், பார்த்திருப்ப. தண்ணி தண்ணின்னு தட்டிக்கிட்டே செத்தாங்க. நாங்க உள்ள இருந்து கேட்டுக்கிட்டிருந்தோம்."

அவர் காறித் துப்பினார்.

"அதுக்கப்புறம் அவனுக்குத் தண்ணி இறங்கல. வாயில வச்சா ரத்தமா இருக்குன்னான். கொன்னவன் உடம்புல செத்தவன் ரத்தம் ஏறிக்கும். நான் கையைக் கீறி அதை வெளிய விடணும். எங்கிட்ட வந்தான்."

"கீறுனீங்களா?"

"யாரு கையைக் கீறுறது? சுட்டவன் ராணுவத்துக்காரன். மூடச் சொன்னவன் சார்ஜெண்ட். அவனுக்குச் சொன்னவன் கேப்டன். கேப்டனுக்குச் சொன்னவன் கடலுக்கு அந்தாண்ட எங்கேயோ நாற்காலியில இருக்கான். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா, வரிசையா உட்காரவச்சுக் கீறுறேன்னேன். சிரிச்சான். தொட்டிக்குப் பக்கத்துலயே நாக்கு வெளிய தள்ளிச் செத்துக் கிடந்தான்."

சாவதற்கு முன் புவோக் ஒருநாள், யாரோ தட்டுகிறார்கள் என்று சின்னக் கதவைத் திறந்திருக்கிறான். வெளியே ஆளில்லை. ஆனால் அந்த வாரம் கதவுக்குப் பக்கத்து வரிசைக் கூடாரங்களில் குழந்தைகளுக்குத் தண்ணீர் இறங்காமல் போனது. நிறைந்த வாளிக்குப் பக்கத்தில் உதடு வெடித்துச் செத்தார்கள். அதன்பிறகுதான் பியேல் ஒரு விதி வைத்தார். நிவாரணத்தில் வந்த காலி எண்ணெய் டப்பா ஒன்று. எந்த வீட்டுப் பாத்திரமும் இல்லை, எல்லாரும் குடிக்கலாம். யாராவது தட்டினால் அதில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு அடியில் தள்ளவேண்டும். உயிருள்ளவர்கள் என்றால் காலியாகத் திரும்பும். இந்த நாட்டில் நடந்து வருகிறவன் எவனும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

"நிறைஞ்சபடி திரும்பினா திறக்காத. யாரு குரலா இருந்தாலும். உனக்கு ஏன் இந்த வேலை? பள்ளம் வெட்டப் போயேன்."

"என் பொண்டாட்டி வருவா. அவ தட்டுறப்ப தாழ்ப்பாள்கிட்ட நான் இருக்கணும்" என்றான் கோவாங்.



கதவுக்குப் பொறுப்பான சார்ஜெண்டுக்கு முன்நெற்றியில் ஒரு கொத்து நரை. நெற்றியில் வெள்ளை விழுந்த காளையைப் போல இருந்ததால் முகாம் முழுக்க அவனுக்குச் சுட்டி என்றே பெயர். வயல் வேலை செய்து வளர்ந்தவன் என்று கையைப் பார்த்தாலே தெரியும். உடைந்த அரபியில் பேசுவான். கோவாங்கும் சூளையில் கற்ற அரபியில் பதில் சொல்வான்.

"வெளியே போய்த் தேட மாட்டீங்களா? வண்டி இருக்கு, துப்பாக்கி இருக்கு" என்று கோவாங் கேட்டான்.

"போக அனுமதி வேணும்."

"யாருகிட்ட?"

"ராணுவம்கிட்ட."

"சுடுறவன்கிட்டயா?"

"ஆமா" என்றான் சுட்டி. பிறகு பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். "சங்கு ஊதினா கதவு மூடணும். கேப்டன் சொல்லாம திறக்கக் கூடாது. ஆனா சின்னக் கதவு, ஒரு பொம்பளைன்னா... நான் திரும்பி நிப்பேன். என் முதுகுக்குக் கண் இல்ல."

கோவாங் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அதன்பின் ஒவ்வொரு நாளும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கதவடியில் உட்கார்ந்தான். வெயிலில் தாகம் எடுத்தால் எழுந்து குழாய்க்குப் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் வந்துவிட்டால்? அதனால் எண்ணெய் டப்பாவிலேயே வாய் வைத்துக் குடித்தான். அது யாருடைய பாத்திரமும் இல்லாமல் இருக்கவேண்டிய டப்பா என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

உச்சி வெயிலில் இரும்பு டிக் டிக்கென்று விரியும். சிப்பாய்கள் நிழலில் ஒடுங்கிவிடுவார்கள். முகாம் செத்ததுபோல் கிடக்கும். அப்படி ஒரு மதியம்.

டிக். டிக்.

பிறகு இரும்புச் சத்தம் இல்லை. சதைச் சத்தம். உள்ளங்கையால், தணிவாக, மண்டியிட்டவர் தட்டுகிற உயரத்தில்.

கோவாங் எழுந்தான்.

"மால் அப்பா."

நியாகோவாவின் குரல். அவள் மட்டும்தான் அவனை அப்படி இழுத்துக் கூப்பிடுவாள்.

"மால் அப்பா, தண்ணி."

அவன் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. புவோக்கின் நினைப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. டப்பாவை நிரப்பிக் கதவுக்கு அடியில் தள்ளினான். வெளியே யாரோ அதை இழுத்தார்கள். தகரம் கல்லில் உரசியது.

"தண்ணி... தண்ணி..."

"குடி, நியாகோவா. கையில இருக்கே."

டப்பா திரும்பி வந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை. மேற்பரப்பு மட்டும், அதன்மேல் யாரோ மூச்சு விடுவதுபோலச் சிலிர்த்துக்கொண்டிருந்தது.

கதவிலிருந்த ஆணித் துளையில் கண் வைத்துப் பார்த்தான். பாலம் வெறுமையாகக் கிடந்தது. வெளுத்த புழுதியில் ஒரு கால்தடம்கூட இல்லை.

அன்று மாலை மால் கேட்டாள். "அம்மா வந்தாளா?"

"இல்ல."

"வந்தா. நான் கேட்டேன்."

அவன் அவளைக் கதவுப்பக்கம் வரவிடவில்லை அதன்பிறகு. அந்தக் குரல் மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும். எப்போதும் தண்ணீர் கேட்கும், எப்போதும் டப்பா நிறைந்து திரும்பும். இடையில் நிஜமான சனங்களும் வந்தார்கள். டப்பாவைக் காலிசெய்து, இருமி, இன்னொன்று கேட்டு, உள்ளே வந்து விழுந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவன் நியாகோவாவைப் பற்றிக் கேட்டான். ஒருவன் மட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன் சித்தப்பா மகன் தூத் ஆத்தங்கரைச் சண்டையில இருந்தானாமே" என்றான். "அதுக்கென்ன?" என்று கேட்டதற்கு அவன் நடந்துவிட்டான்.

மழைக்காலத்தின் முதல் காற்று ஒரு பிற்பகலில் வந்தது. முதலில் தெற்கே வானத்தின் அடி செம்மண்ணாக நிமிர்ந்தது. பிறகு அது நகர்ந்து வந்தது. சூரியன் பித்தளைக் காசாகி, அணைந்தது. பகலில் கை தெரியாத இருட்டு. வாயைத் திறந்தால் மண். கூடாரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

அந்தச் சத்தத்துக்குள் துப்பாக்கிச் சத்தம்.

சங்கு ஊதினார்கள். பெரிய கதவு மூடியிருந்தது. சுட்டி ஓடிவந்து கோவாங்கின் பக்கத்தில் நின்றான். ரேடியோவில் கேப்டனின் குரல் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

தட்டினார்கள்.

தணிவாக. மண்டியிட்ட உயரத்தில்.

"மால் அப்பா!"

சுட்டி கோவாங்கைப் பார்த்தான். திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கோவாங் துளையில் கண் வைத்தான். மண்தான் பறந்தது. டப்பாவை நிரப்பித் தள்ளினான்.

"குடி."

"இப்ப எதுக்குத் தண்ணி? திற. புள்ள மாலைக் கொடு, அவளை நான் பாக்கணும்."

இத்தனை நாளும் அது தண்ணீர்தான் கேட்டது. இன்று பிள்ளையைக் கேட்கிறது.

"முதல்ல குடி, நியாகோவா."

காற்று ஊளையிட்டது. பிறகு கதவுக்கு மிக அருகில், இரும்போடு வாய் ஒட்டியதுபோல ஒரு கிசுகிசுப்பு.

"இதுல நீ வாய் வச்சியா?"

"தினமும் அதுலதான் குடிக்கிறேன். என் டப்பாதான். குடி, அடி, குடிச்சிடு!"

காற்று மட்டும் கதவை அறைந்தது.

"நியாகோவா?"

"உள்ள வந்து சொல்றேன்" என்றது குரல். "திற."

டப்பா திரும்பி வந்தது.

நிறைந்திருந்தது.

கோவாங் தாழ்ப்பாளைப் பிடித்தான். திறக்க அல்ல. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை இரும்பில் முட்டுக்கொடுத்து நின்றான். உள்ளங்கைகள் தட்டின. தட்டிக்கொண்டே இருந்தன. சுட்டி திரும்பிப் பார்க்கவில்லை, கதவு திறந்துவிட்டது என்று நினைத்திருப்பான். துப்பாக்கி நெருங்கியது. தட்டல் வேகமானது. பிறகு ஒரே ஒரு கை மட்டும்.

பிறகு டிக், டிக் என்று மழை இரும்பில் விழத் தொடங்கியது.

காலையில் அனுமதி வந்தது. கதவைத் திறந்தார்கள்.

நியாகோவா பாலத்தின்மேல் கிடந்தாள். தலையை மழித்திருந்தாள். இடுப்பில் துக்கத்துக்குக் கட்டும் புல்கயிறு. வலதுகை கதவின் கீழ்விளிம்பில் ஒட்டியிருந்தது. புழுதி முழுக்கச் சேறாகி, அதில் கால்தடங்கள், அவளுடையவை, தெளிவாக.

பள்ளத்துக்குள் கழுத்தளவு தண்ணீரிலிருந்து தாபிதாவைத் தூக்கினார்கள். தோளில் குண்டு பாய்ந்திருந்தது. கோவாங்கைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன்யா திறக்கல?"

"அவ குடிக்கல" என்றான். "டப்பா நிறைஞ்சு வந்துச்சு. அவ குடிக்கல."

"எப்படிக் குடிப்பா? ருவாச்சைக் கொன்னது உன் சித்தப்பா மகன் தூத். நாங்கதான் அவனைப் புதைச்சோம். உன் வாய் பட்ட பாத்திரத்துல அவ எப்படிய்யா குடிப்பா? பகையாளி வீட்டுக்குத் திரும்பி வந்ததே புள்ளைக்காகத்தான். அண்ணன் செத்ததைக் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு உங்கிட்டக் கத்திச் சொல்லணுமா?"

இதில் நீ வாய் வைத்தாயா என்று செத்தவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

சுட்டி பாலத்தில் நின்றான். அவன் உதடுகள் அசைந்தன. "நான் திரும்பி நின்னேனே" என்றான். "நான் திரும்பித்தானே நின்னேன்."

அன்று மதியம் கோவாங் தண்ணீரை வாயில் வைத்தான். துப்பினான். மண்ணில் விழுந்தது தெளிந்த தண்ணீர்தான். வாயில் மட்டும் இரும்பும் உப்பும் வெதுவெதுப்புமாக இருந்தது.

பியேலிடம் போய்க் கையை நீட்டினான். "கீறுங்க."

பியேல் கத்தியை எடுத்தார். கையைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கத்தியை உறையில் போட்டார்.

"கீறினா மாடு வரணும், ஒரு உயிருக்கு நாற்பது. அவ வீட்டுக்கு நீ மாடு குடுக்கணும். அண்ணனுக்கு உங்க வீடு மாடு குடுக்கணும். மாடெல்லாம் யாருகிட்ட இருக்கு?"

"ராணுவம் ஓட்டிக்கிட்டுப் போச்சு."

"வாங்கிக்கிற ஆளு?"

"இருந்தா எங்கயோ இருப்பாங்க."

"அப்ப நான் எதை வச்சுக் கீறுறது?" பியேல் கண்ணை மூடிக்கொண்டார். "போ. சோளக்கஞ்சியா குடிச்சுப் பாரு. கெட்டியா இருந்தா கொஞ்சம் இறங்கும்."

கொஞ்சம்தான் இறங்கியது. உடம்பு கருவாடாக வற்றியது. ஆனாலும் கதவு வேலையை விடவில்லை. இன்னொருவன் அந்தத் தாழ்ப்பாளைப் பிடிப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

சுட்டியின் படை ஊர் திரும்பும் நாள் வந்தது. ஹெலிகாப்டர் புழுதியைக் கிளப்பியது. சுட்டி கதவடிக்கு வந்து கைகொடுத்தான். உதடு வெடித்து, கன்னம் ஒட்டியிருந்தது. இடுப்பில் தண்ணீர் பாட்டில் தொங்கியது. அதன் மூடி உடைக்கப்படவில்லை.

"எப்ப இருந்து?" என்று கோவாங் கேட்டான்.

சுட்டி பாட்டிலைக் கையால் மறைத்தான். மண்ணுக்குரியவரின் கூடாரம் எது என்று மட்டும் கேட்டான். கோவாங் காட்டினான். அதற்குள் ஹெலிகாப்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் ஓடினான்.

புது நீலத்தொப்பிகள் வந்தார்கள். கதவுக்குப் புது வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். மழை முடிவதற்குள் துரு எழும்பிவிட்டது, போன முறையைவிட ஒரு கை கூடுதலாக, கீழ்விளிம்பில்.

இப்போதும் உச்சி வெயிலில் தட்டுகிறது. தண்ணீர் கேட்கும் குரல் ஒன்று. கேட்காத குரல் ஒன்று. கேட்காத குரலுக்குத்தான் கோவாங் கதவைத் திறக்கிறான், தினமும், யார் தடுத்தாலும். பாலம் வெறுமையாகக் கிடக்கும். குழாயடியிலிருந்து வாங்கிய புது டப்பா, யார் வாயும் படாதது, நிரப்பி வெளியே வைக்கிறான். மால் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அம்மா எடுத்துட்டா" என்பாள் திடீரென்று. டப்பா கல்லில் உரசும். கொஞ்சம் நகரும். பிறகு அவர்கள் பக்கமே திரும்பி வரும், விளிம்புவரை நிறைந்தபடி.

"ஏன் குடிக்க மாட்டேங்குறா?"

ருவாச்சுக்கு நாற்பது மாடு. நியாகோவாவுக்கு நாற்பது மாடு. ஒரு கன்றுக்குட்டிகூட இன்னும் கொடுக்கவில்லை.